நான்... நீ... ஒரு பனிச்சறுக்கு வண்டி!

‘ரகஸ்தன் ஸினுவ!’

பயப்படாதீங்க பாஸ், திட்டலை. ஃபின்லாந்தில் ஒரு பையன் ஒரு பொண்ணுகிட்ட ‘ஐ லவ் யூ’ சொன்னா இப்படித்தான் சொல்வான். பொண்ணு சொன்னாலும் இதேதான்.

ஒரு காலத்துல நம்ம எல்லார் பாக்கெட்லயும் கிடந்த நோக்கியா அந்த ஊர் சரக்கு. பரீட்சைக்கு முந்தின ராத்திரி தூக்கத்தைக் கெடுத்த ‘ஆங்க்ரி பேர்ட்ஸ்’ அந்த ஊர் சரக்கு. ஆனா, அந்த ஊர்க்காரங்க வாயில் ஓடுகிற சொற்களைப் பத்தி நமக்கு எதுவும் தெரியாது. இந்த வாரம் அதுல ரெண்டே ரெண்டு சொல்லை மட்டும் பார்ப்போம். ‘நான்’, ‘நீ’. அவ்வளவுதான்!

‘இதுல என்ன பெரிய மேட்டர்?’னு கேட்காதீங்க. இந்தச் சின்னச் சொற்களின் பின்னாடி ஓடி, சைபீரியப் பனியில் உடம்பை உருக்கி, 38 வயசுல செத்துப்போன ஒரு வாத்தியார் கதை இருக்கு. அவரிடம் வருவோம். அதுக்கு முன்னாடி அந்தக் காதல் வாக்கியத்தைக் கொஞ்சம் பிரிச்சு மேயலாம்.

‘நான்’ எங்கே போச்சு?

ஃபின்னிஷ் மொழியில் ‘நான்’ என்றால் ‘மினா’. ‘நீ’ என்றால் ‘ஸினா’. கடைசி எழுத்தை ‘ஆ’வுக்கும் ‘ஏ’வுக்கும் நடுவுல, கிரிக்கெட் பேட்டில் வருகிற மாதிரி சொல்லணும். ஆனா, ‘ரகஸ்தன் ஸினுவ’வில் ‘மினா’வைக் காணோம். தேவை இல்லை. ‘ரகஸ்தன்’ என்கிற வினையின் வாலில் இருக்கிற ‘ன்’தான் ‘நான்’. ‘காதலிக்கிறேன்’னு சொன்னாலே நாம ‘நான்’ போட வேண்டியதில்லையே, அதே கதை.

சரி, ‘ஸினா’ ஏன் ‘ஸினுவ’ ஆச்சு? வேற்றுமை உருபு! நாம பத்தாம் வகுப்பில் எட்டு வேற்றுமையை மனப்பாடம் பண்ணவே கண்ணு கட்டுச்சு. ஃபின்னிஷில் 15. ‘நான்’ என்பது நம்ம ஊரில் ‘என்’ ஆகி, அதுக்கப்புறம்தான் ‘என்னை, எனக்கு, என்னால்’னு உருபு ஏத்துக்கும் இல்லையா? அங்கே ‘மினா’, ‘மினு’ என்று மாறும். அப்புறம் வரிசை கட்டும்.

மினுன் - என்னுடைய. மினுல்லெ - எனக்கு. மினுல்ல - என்கிட்ட. மினுல்த - என்கிட்ட இருந்து. மினுஸ்ஸ - எனக்குள்ள. மினுஸ்த - எனக்குள்ள இருந்து. இந்தக் கடைசிச் சொல்லுக்கு ‘என்னைப் பொறுத்தவரைக்கும்’ என்றும் அர்த்தம். கருத்து என்பது எனக்குள்ள இருந்துதானே வருது, செம லாஜிக்! ‘எனக்குக் கார் உண்டு’ என்று சொல்லவும் தனி வினை கிடையாது. ‘என்கிட்ட கார் இருக்கு’ என்கிற மாதிரிதான் சொல்லணும்.

இப்போ ஒரு ட்விஸ்ட். ‘உன்னை’ என்பதற்கு ஃபின்னிஷில் ரெண்டு வடிவம் உண்டு. ‘ஸினுத்’ ஒண்ணு, ‘ஸினுவ’ ஒண்ணு. ‘உன்னைப் பார்த்தேன்’ என்றால் ‘நாய்ன் ஸினுத்’ (மறுபடியும் சொல்றோம், திட்டலை!). பார்த்தாச்சு, வேலை முடிஞ்சுது. ‘உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்’ என்றால் ‘ஒதொதன் ஸினுவ’. காத்திருத்தல் இன்னும் முடியலை. ஒரு கரடியைச் சுட்டு வீழ்த்தினால் ஒரு உருபு. கரடியை நோக்கிச் சுட்டீங்க, அது இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு என்றால் வேற உருபு. காதல் எந்தக் கணக்கு? முடியாத வேலைக் கணக்கு! அதனாலதான் ‘ரகஸ்தன் ஸினுவ’. இலக்கணப் புத்தகத்துக்குள்ள இப்படி ஒரு கவிதை ஒளிஞ்சிருக்கு.

காஸ்ட்ரேன் என்கிற கிறுக்கர்

இப்போ நம்ம ஹீரோ என்ட்ரி. மத்தியாஸ் அலெக்ஸாண்டர் காஸ்ட்ரேன். 1813-ல் வட ஃபின்லாந்தின் டெர்வோலாவில் பிறந்தவர். பாதிரியார் வீட்டுப் பிள்ளை. அப்போ ஃபின்லாந்து தனி நாடு இல்லை. 1809-லேயே ரஷ்யப் பேரரசுக்குக் கீழே போயாச்சு. ஆட்சி ரஷ்யர்களுடையது, படிப்பும் ஆபீஸ் வேலையும் ஸ்வீடிஷ் மொழியில். ஃபின்னிஷ்? அது குடியானவன் பாஷை. காலேஜ் வாசல்படி ஏறாத பாஷை.

அந்தக் காலத்து ஃபின்லாந்து இளைஞர்களைக் குடைந்த கேள்வி ஒண்ணுதான். ‘நாங்க யார்? எங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா, இல்லை நாங்க அநாதையா?’ சுத்தி இருக்கிற ஸ்வீடிஷ், ரஷ்யன், ஜெர்மன் எதுவுமே ஃபின்னிஷ் மாதிரி இல்லையே!

விடை தேடிக் கிளம்பினார் காஸ்ட்ரேன். முதலில் லாப்லாந்து. அப்புறம் 1845-லிருந்து 1849 வரைக்கும் ரஷ்ய அறிவியல் அகாடமி சார்பில் சைபீரியா. பனிச்சறுக்கு வண்டி, படகு, புகை மண்டின குடிசை, நுரையீரலில் காசநோய். போகிற இடமெல்லாம் அவர் கேட்டது இதைத்தான். ‘உங்க பாஷையில் நான் என்பதை எப்படிச் சொல்வீங்க? என் வீடு? உன் வீடு? நான் வர்றேன்? நீ வர்றே?’

ஏன் குறிப்பா அது? ‘காபி’, ‘ஸ்கூல்’, ‘பஸ்’ மாதிரி சொற்களை எந்த மொழியும் எவன்கிட்டயும் கடன் வாங்கிக்கும். ஆனா, ‘நான்’, ‘நீ’யை லேசுல யாரும் கடன் வாங்க மாட்டாங்க. அதுவும் அந்த ‘நான்’ வினைச்சொல்லின் வாலில் உருபாக ஒட்டிக்கிட்டு இருந்தால், அது கிட்டத்தட்ட ரத்தம் மாதிரி. திரும்பி வந்த காஸ்ட்ரேன் 1850-ல் எழுதின ஆய்வேடு முழுக்க அந்த வால் ஒட்டுகளைப் பத்தித்தான். அடுத்த வருஷம் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் ஃபின்னிஷ் மொழிக்கு முதல் பேராசிரியர் ஆனார். குடியானவன் பாஷைக்கு நாற்காலி கிடைச்சாச்சு! அதுக்கு அடுத்த வருஷம், 1852-ல், இறந்துபோனார். வயசு 38.

குடும்ப ஆல்பம்

அப்படி என்னதான் கண்டுபிடிச்சாங்க? அவரும், அவருக்கு முன்னாலும் பின்னாலும் வந்தவர்களும் சேர்த்த ஆல்பத்தைப் புரட்டுவோம்.

முதல் பக்கம் நெருங்கின சொந்தம். பால்டிக் கடலைச் சுத்தி இருக்கிற ஃபின்னிக் மொழிகள். எஸ்தோனியனில் மினா, ஸினா. ஃபின்லாந்துக்குக் கிழக்கே வெப்ஸ் மொழியிலும் அதேதான். கரேலியனில் மியெ, ஸியெ. வோட்டிக் மொழியில் மியா, ஸியா. லாட்வியா கடற்கரையின் லிவோனியனில் மறுபடியும் மினா, ஸினா. எல்லாம் சுமார் 2000 வருஷத்துக்கு முன்னாடி ஒரே மொழியா இருந்து பிரிஞ்ச பிள்ளைங்க. அந்தத் தாய்மொழியை யாரும் எழுதி வைக்கலை. ஃபின்னிக் மொழிகளில் இதுவரை கிடைச்ச மிகப் பழைய எழுத்தே 13-ம் நூற்றாண்டு பிர்ச் மரப்பட்டைதான். 1957-ல் ரஷ்யாவின் நோவ்கரத் நகரில் தோண்டி எடுத்தாங்க. சில வரிகள்தான். அதில் ஒரு சொல்லைச் சிலர் ‘உன் பெயர்’ என்று படிக்கிறாங்க, சிலர் ‘மனுஷங்க’ என்று படிக்கிறாங்க. சண்டை இன்னும் ஓயலை!

அடுத்த பக்கம் தூரத்துச் சொந்தம். வடக்கே ரெய்ண்டீர் மேய்க்கிற சாமி மக்கள்கிட்ட முன், தொன், ஸொன் (நான், நீ, அவர்). ரஷ்யாவின் வோல்கா பக்கத்து எர்ஸ்யா மொழியில் மொன், தொன், ஸொன். ஹங்கேரியனில் ‘நீ’ என்றால் ‘தெ’. இன்னும் வடகிழக்கே, சைபீரியாவின் உச்சந்தலையில் இருக்கிற டைமீர் தீபகற்பத்தில் ங்கனாஸன் மக்கள்கிட்ட ஏறக்குறைய மன, தன.

‘நான்’ பெரும்பாலும் ‘ம’வில் தொடங்குது, சரி. ஆனா, ‘நீ’யில் இடிக்குதே! எல்லாரும் ‘த’ சொல்லும்போது ஃபின்னிக் குடும்பம் மட்டும் ஏன் ‘ஸ’ சொல்லுது?

துப்பறிவோம் வாங்க!

க்ளூ தண்ணியில் இருக்கு. ஃபின்னிஷில் தண்ணி என்றால் ‘வெஸி’. ஆனா, ‘கொஞ்சம் தண்ணி குடு’ என்கிற மாதிரி உருபு போட்டால் ‘வெத்தா’. கை என்றால் ‘காஸி’, உருபு போட்டால் ‘காத்தா’. ‘ஸ’வும் ‘த’வும் ஒரே சொல்லுக்குள்ள இடம் மாறுது. விஷயம் இதுதான். பழைய ஃபின்னிக் மொழியில் ‘இ’க்கு முன்னாடி வந்த ‘த்’ எல்லாம் ‘ஸ்’ ஆகிப்போச்சு. வெதி, வெஸி ஆச்சு. அதே அடியில் ‘தினா’, ‘ஸினா’ ஆச்சு!

நிரூபணம் வேணுமா? பன்மையைப் பாருங்க. ‘நீங்க’ என்றால் ஃபின்னிஷில் ‘தெ’. இங்கே ‘த’வுக்குப் பின்னாடி வர்றது ‘எ’, ‘இ’ இல்லை. அதனால தப்பிச்சுக்கிச்சு. இன்னொரு சாட்சி வினையின் வால். ‘நீ காதலிக்கிறே’ என்றால் ‘ரகஸ்தத்’. கடைசியில் அந்தப் பழைய ‘த்’ அப்படியே நிக்குது! ஆள் பேரை மாத்திக்கிட்டார், ஆனா பழைய ஐ.டி. கார்டு இன்னும் பாக்கெட்டிலேயே இருக்கு.

‘நான்’ கதையும் இதேதான். ‘ரகஸ்தன்’ என்பதன் கடைசி ‘ன்’ ஒரு காலத்தில் ‘ம்’. சொல்லின் கடைசியில் வந்த ‘ம்’ எல்லாம் ஃபின்னிக்கில் ‘ன்’ ஆனபோது இதுவும் மாறிப்போச்சு. வோல்கா பக்கத்து மாரி மொழியில் அந்த ‘ம்’ இன்னும் இருக்கு. ஃபின்னிஷிலேயே ‘நாங்க காதலிக்கிறோம்’ என்றால் ‘ரகஸ்தம்மெ’. ‘ம’ பத்திரம்! வினையின் வாலில் ஒட்டியிருக்கிறது வேற யாரும் இல்லை, தேய்ஞ்சுபோன பழைய ‘நான்’, ‘நீ’தான். காஸ்ட்ரேன் காசநோயோட பனியில் சுத்தி அந்த வால்களைச் சேகரிச்சது ஏன்னு இப்போ புரியுதா?

அவனா, அவளா? ‘ஹான்’!

படர்க்கைக்கு வருவோம். ஃபின்னிஷில் ‘ஹான்’ என்று ஒரே சொல்தான். அவன், அவள், அவர் எல்லாத்துக்கும் அதேதான். நேத்து கண்டுபிடிச்ச புரட்சி இல்லை இது, இந்தக் குடும்பத்துக்கே ஆண்பால், பெண்பால் பிரிக்கிற பழக்கம் கிடையாது. 2019-ல் ஃபின்லாந்து அரசு இந்த ஒரு சொல்லை வெச்சு உலகம் பூரா பிரசாரமே பண்ணுச்சு. பக்கத்து வீட்டு ஸ்வீடிஷ்காரங்க ‘ஹென்’ என்று இருபாலுக்கும் பொதுவா ஒரு சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்து, 2015-ல் தங்கள் அகாடமியின் சொற்பட்டியலிலேயே சேர்த்தாங்க. அந்தச் சொல் பிறக்க ‘ஹான்’ ஒரு தூண்டுதல்.

ஆனா காமெடி என்னன்னா, ஃபின்லாந்து காலேஜ் கேன்டீன்ல உட்கார்ந்து கவனிச்சா ‘ஹான்’ அவ்வளவா காதில் விழாது. ‘ஸெ’ என்றுதான் பேசுவாங்க. ‘ஸெ’ என்றால் ‘அது’! நண்பனும் ‘அது’, வாத்தியாரும் ‘அது’. மரியாதைக் குறைவு இல்லை, பேச்சு வழக்கு அப்படி. அதே ஆள் வீட்டுக்குப் போய் செல்ல நாயைக் கொஞ்சும்போது ‘ஹான்’ போடுவார். மனுஷனுக்கு ‘ஹான்’, பொருளுக்கு ‘ஸெ’ என்கிற பிரிவு 19-ம் நூற்றாண்டில் எழுத்து மொழியைச் சீர்படுத்தினபோது இறுகின விதி. வட்டார வழக்குகளில் ‘ஹான்’ செய்த வேலையே வேற. ‘தான் வர்றதா அவன் சொன்னான்’ என்கிறோமே, அந்தத் ‘தான்’ வேலை. அதாவது, யார் பேச்சைச் சொல்றோமோ அவரையே சுட்டிக்காட்டும் வேலை.

எஸ்தோனியா இன்னொரு ரூட் பிடிச்சுது. அங்கே அவன், அவள் எல்லாத்துக்கும் ‘தெமா’. அது பழைய ‘தாமா’, அதாவது ‘இது’. சுட்டுச்சொல்லே ஆளாகிப்போச்சு! ஃபின்னிஷில் இன்னிக்கும் ‘தாமா’ என்றால் ‘இது’, ‘நாமா’ என்றால் ‘இவை’. ‘துஒ’ என்றால் ‘அது’, ‘நுஒ’ என்றால் ‘அவை’. ஒருமைக்கு ‘த’, பன்மைக்கு ‘ந’. எர்ஸ்யாவிலும் இதே ஜோடி உண்டு. ‘இது’வுக்கு ‘தெ’, ‘இவை’க்கு ‘நெ’.

எல்லாத்தையும்விட நம்மை உலுக்கிற சொல் ‘இத்ஸெ’. ‘தானே, சுயம்’ என்று அர்த்தம். நோண்டிப் பார்த்தால் அதன் பழைய பொருள் ‘நிழல்’. ஒரு மனுஷனோட கூடவே நடக்கிற நிழல் ஆவி. ‘நானே பண்ணேன்’ என்று சொல்லும்போதெல்லாம் அந்த மக்கள் தங்கள் நிழலைக் கூப்பிடுறாங்க!

நமக்கும் சொந்தமா?

இந்நேரம் சிலருக்குக் கை துறுதுறுக்கும். ‘வால் ஒட்டு, வேற்றுமை உருபு, எல்லாம் நம்ம தமிழ் மாதிரியே இருக்கே!’ உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் அதைச் சொல்லியாச்சு. திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடியில் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல். காஸ்ட்ரேன் இறந்து நாலு வருஷம் கழிச்சு, 1856-ல் வந்த தன் திராவிட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளை ஃபின்னிஷ் உள்ளிட்ட ‘சித்திய’ மொழிகளோடு ஒப்பிட்டு, சொந்தம் இருக்கலாம் என்றார். பிரதிப்பெயர்களையும் அலசினார்.

ஆனா, இன்னிக்குப் பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏத்துக்கிறது இல்லை. ஏன்னு நாமளே சோதிக்கலாம். இந்தியில் ‘மைன், தும்’. லத்தீனில் ‘மே, தே’. அங்கேயும் ‘ம’, ‘த’! சத்தம் ஒத்துப்போனா மட்டும் போதாது. ‘வெதி, வெஸி’ மாதிரி, ஒரே மாற்றம் நூத்துக்கணக்கான சொற்களில் ஒழுங்காத் திரும்பத் திரும்ப வரணும். அதுதான் டி.என்.ஏ. டெஸ்ட். காஸ்ட்ரேனே இதில் கொஞ்சம் சறுக்கினவர்தான். துருக்கி, மங்கோலிய மொழிகளையும் ஒரே குடும்பத்தில் போட்டார், அது நிக்கலை. ஆனா, ஃபின்னிக்கும் சைபீரிய சமோயெத் மொழிகளும் சொந்தம் என்று அவர் சொன்னது இன்னிக்கும் கல்வெட்டு மாதிரி நிக்குது. இப்போ அந்தக் குடும்பத்துக்குப் பேரு ‘யுராலிக்’.

சொந்தம் கண்டுபிடிச்சா எல்லாரும் கொண்டாடினாங்கன்னும் நினைக்காதீங்க. 1769-ல் வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்க, யானோஸ் ஷாய்னோவிச் என்கிற ஹங்கேரியப் பாதிரியார் நார்வேயின் வட முனைக்குப் போனார். அப்படியே சாமி மொழியைக் காது கொடுத்துக் கேட்டு, ‘இது நம்ம ஹங்கேரியனுக்குச் சொந்தம்’ என்று 1770-ல் புத்தகம் போட்டார். ஊரில் பல பெரிய மனுஷங்க கொதிச்சுட்டாங்க. ‘மீன் எண்ணெய் நாத்தம் அடிக்கிற சொந்தம் எங்களுக்கு எதுக்கு?’ ராஜ பரம்பரைக் கனவில் இருந்தவங்களுக்கு மீன் பிடிக்கிற அத்தை பிள்ளைங்க கசந்தாங்க. ‘நான் யார்?’ என்கிற கேள்விக்கு வர்ற பதில் எப்பவும் நமக்குப் பிடிச்ச பதிலா இருக்காதே!

கடைசி ‘மினா’

2013-ல் கனடாவில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். பெயர் கிரிஸெல்டா கிறிஸ்டினா, வயசு 103. லிவோனியனைத் தாய்மொழியாப் பேசி வளர்ந்தவர்களில் கடைசி ஆள் அவர்தான். பல ஆயிரம் வருஷமா சங்கிலி அறாம, அம்மா வாயிலிருந்து பிள்ளை வாய்க்கு வந்த ‘மினா’ அந்த மொழியில் அன்னிக்கு நின்னுபோச்சு.

ஆனாலும் கதை முடியலை. 2018-ல் லாட்வியா பல்கலைக்கழகத்தில் லிவோனியனுக்கு என்றே ஒரு நிறுவனம் தொடங்கினாங்க. 2023-ஐ லிவோனியப் பாரம்பரிய ஆண்டு என்று கொண்டாடினாங்க. சில இளைஞர்கள் அந்த மொழியைப் படிச்சுப் பேசுறாங்க. தாத்தா, பாட்டி மறந்த ‘நான்’, ‘நீ’யைப் பேரப் பிள்ளைங்க புத்தகத்திலிருந்து எடுத்துப் பழகுறாங்க. ஒரு மொழியைத் திரும்பக் கத்துக்கிறவன் முதல் நாள் படிக்கிறது என்ன? ‘நான்’, ‘நீ’தான்!

அடுத்த தடவை நண்பன்கிட்ட ‘நான் வர்றேன்டா’ன்னு சொல்லும்போது ஒரு விநாடி அந்தச் சின்னச் சொல்லை யோசிச்சுப் பாருங்க. நீங்க உருவாக்கினது இல்லை, காசு கொடுத்து வாங்கினதும் இல்லை. எத்தனையோ தலைமுறை வாய்மாத்திக் கொண்டுவந்து உங்க நாக்குல வெச்சுட்டுப் போன சொத்து.

அது வரைக்கும்... ‘ரகஸ்தன் ஸினுவ’வைப் பத்திரமா வெச்சிருங்க. யார்கிட்ட சொல்லணும்னு உங்களுக்கே தெரியும். சொல்லும்போது உருபை மட்டும் மாத்திடாதீங்க பாஸ், அது முடியாத வேலைக்கான உருபு!